கூலியாக வராத வரம்: ஆர்ஸ் பங்குத்தந்தை புனித ஜான் மரிய வியான்னி

ஆண்டுதோறும் ஆகஸ்டு 4ஆம் தேதி வந்துவிட்டால் நம் பங்குகளில் சிறிய விழா ஒன்று நடக்கும். மாலைத் திருப்பலி முடிந்ததும் மரியாயின் சேனையாரும் வின்சென்ட் தெ பவுல் சபையாரும் பீடத்தண்டை வந்து பங்குத்தந்தைக்கு மாலை போடுவார்கள். மறைக்கல்விப் பிள்ளைகள் வாழ்த்துப் பாடுவார்கள். பங்குத்தந்தை கூச்சத்தோடு இரண்டு வார்த்தை பேசி அமர்வார். அன்று யாருடைய திருநாள் என்று கேட்டால், பங்குக் குருக்களின் பாதுகாவலர் வியான்னியார் என்று சிறுபிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் குருத்துவத்துக்கு உதவாதவர் என்று குருமடமே வீட்டுக்கு அனுப்பிய ஒருவர் எப்படி எல்லாப் பங்குக் குருக்களுக்கும் பாதுகாவலர் ஆனார் என்பதை முழுமையாக அறிந்தவர்கள் சிலரே. ஜூபிலி மலரில் முன்னாள் பங்குத்தந்தையரின் பெயர்களை வரிசையாக அச்சிடுகிறோம். அந்த வரிசைக்குப் பக்கத்தில் இந்தச் சரித்திரமும் இருப்பது நல்லதென்று தோன்றியது.

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகே டார்டில்லி என்றொரு கிராமம். அங்கே மத்தேயு வியான்னி என்ற விவசாயிக்கும் மரிய பெலூஸ் அம்மாளுக்கும் பிறந்த ஆறு பிள்ளைகளில் நான்காமவராக 1786ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் நம் புனிதர் பிறந்தார். அன்றே ஞானஸ்நானமும் பெற்றார். வசதியான குடும்பம் அன்று. ஆனால் வாசலில் வந்து நின்ற ஏழையை வெறுங்கையாக அனுப்பாத குடும்பம். 1770இல், வியான்னியின் பாட்டனார் காலத்தில், கந்தலுடுத்திய ஒரு பரதேசி அவ்வீட்டில் ஓர் இரவு தங்கிப் போனார். துறவற மடங்கள் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பிவிட, வழிப்போக்கராகவே வாழ்ந்து மரித்த புனித பெனடிக்ட் ஜோசப் லாப்ரே தான் அவர். மனிதர் தள்ளியதை ஆண்டவர் எடுத்துக்கொள்ளும் வழக்கம் அந்த வீட்டுக்கு வியான்னி பிறப்பதற்கு முன்னமே அறிமுகமாகியிருந்தது எனலாம்.

குழந்தைக்கு மூன்று வயதாகும்போது 1789இன் புரட்சி வெடித்தது. அரசாங்கத்துக்குப் பிரமாணம் செய்ய மறுத்த குருக்கள் வேட்டையாடப்பட்டார்கள். ஆலயக் கதவுகள் அடைபட்டன. மறைந்து திரிந்த குருக்களுக்கு வியான்னி குடும்பம் இடம் கொடுத்தது. சிறுவன் தன் முதல் பாவசங்கீர்த்தனத்தைப் பதினொரு வயதில் சொந்த வீட்டிலேயே, பெரிய கடிகாரத்தடியில் முழந்தாளிட்டு, மாறுவேடத்தில் வந்த ஒரு குருவிடம் செய்தான். 1799இல் எக்குல்லியில் ஒரு வீட்டு அறையில் பதினாறு பிள்ளைகள் முதல் நற்கருணை வாங்கினார்கள். உள்ளே எரியும் மெழுகுவர்த்தி வெளியே தெரியாதிருக்க, சன்னல்களுக்கு எதிரே வைக்கோல் வண்டிகளை நிறுத்தி, ஆண்கள் வைக்கோல் இறக்குவதுபோல் பாசாங்கு செய்துகொண்டிருந்தார்களாம். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் வியான்னி. நற்கருணைக்காக உயிரையே பணயம் வைத்த குருக்களைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்குக் குருவாக வேண்டுமென்ற ஆசை பிறந்ததில் ஆச்சரியமில்லை.

ஆசை இருந்தது, படிப்புத்தான் இல்லை. குளிர்காலத்தில் மட்டும் கொஞ்சம் பள்ளிக்கூடம், மற்ற நாளெல்லாம் வயல் வேலை. தகப்பனாரும் எளிதில் சம்மதிக்கவில்லை. எக்குல்லிப் பங்குத்தந்தை பாலே அடிகளாரிடம் லத்தீன் படிக்கச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபது. கூடப் படித்தவர்களோ சின்னஞ்சிறுவர்கள். அவர்களில் மத்தியாஸ் லோராஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் ஒருநாள் பாடம் சொல்லிக்கொடுத்துப் பார்த்துப் பொறுமையிழந்து, எல்லார் முன்னிலையிலும் வியான்னியை அடித்துவிட்டான். வளர்ந்த வாலிபர், மண்வெட்டி பிடித்த கை. திருப்பி அடித்திருந்தால் பையன் தாங்கமாட்டான். வியான்னி எழுந்து அவன் முன்னே முழந்தாளிட்டு, தம் மந்தபுத்திக்காக மன்னிப்புக் கேட்டார். பையன் அழுதுகொண்டே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அந்த லோராஸ் பின்னாளில் அமெரிக்காவில் டுபூக் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார். முழந்தாளிட்ட அந்தக் காட்சியை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

1806இல் வியான்னி லா லூவெஸ்க் ஊருக்கு, புனித ஜான் பிரான்சிஸ் ரெஜிஸ் கல்லறைக்கு, வழியெல்லாம் பிச்சையெடுத்துக்கொண்டு நடந்தே போய் வந்தார். குருவாவதற்குப் போதுமான லத்தீன் மண்டையில் ஏற வேண்டும் என்பதே வேண்டுதல். வேண்டுதல் கேட்கப்பட்டது. ஆனால் சரியாகப் போதுமான அளவுக்குத்தான். அதற்கு மேல் ஒரு பிடி கூடக் கிடைக்கவில்லை. ஆண்டவர் அவரைக் கெட்டிக்காரராக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கடைசிவரை அவரை மற்றவர் தோளில் சாய்ந்தே நடக்க வைத்தார்.

அந்தத் தோள்களில் ஒன்றைப் பற்றி நாம் பிரசங்கங்களில் பேசுவதில்லை. அதனால் இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன். 1809இல் நெப்போலியனின் போருக்காக இளைஞர்களைப் பட்டாளத்துக்கு எடுத்தார்கள். குரு மாணவர்களுக்கு விலக்கு உண்டு. வியான்னியின் பெயர் அந்த விலக்குப் பட்டியலில் விடுபட்டுப் போயிற்று. அவருக்கும் ஓலை வந்துவிட்டது. புறப்பட்டவர் நோயுற்று முதலில் லியோனிலும் பிறகு ரோவானிலும் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தேறி எழுந்த பிறகு, படைப்பிரிவு கிளம்பும் நாளில் கோவிலில் செபித்துக்கொண்டிருந்துவிட்டார். படை போய்விட்டது. பின்னாலே நடந்து பிடிக்கப் போனவரை வழியில் கண்ட ஒருவன் மலைப்பக்கம் அழைத்துக்கொண்டு போனான். போய்ச் சேர்ந்த இடம் பட்டாளத்திலிருந்து ஓடிவந்தவர்கள் ஒளிந்திருந்த லெ நோவே கிராமம். தெரிந்தோ தெரியாமலோ வியான்னியும் அப்படிப்பட்ட ஒருவராகிவிட்டார். வேறு பெயர் வைத்துக்கொண்டு, க்ளோதின் ஃபேயோ என்ற விதவைத் தாயின் வீட்டில் தங்கி, பகலில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். காவலர் வரும்போது வைக்கோல் போருக்குள் புகுந்து மூச்சடக்கிக் கிடந்தார். ஊரில் தகப்பனாரைக் காவலர்கள் நெருக்கினார்கள்.

1810இல் பேரரசர் பொது மன்னிப்பு அளித்தார். ஆனாலும் அவருக்குப் பதில் ஓர் ஆள் போகவேண்டியிருந்தது. வீட்டின் கடைக்குட்டித் தம்பி போகச் சம்மதித்தான். வியான்னிக்கு வரவேண்டிய குடும்பப் பங்கிலிருந்து ஒரு தொகையும் அதற்காகப் பேசப்பட்டது என்பது உண்மைதான். இருந்தாலும் பணம் ஒரு பிள்ளைக்கு ஈடாகுமா? அந்தத் தம்பி வீடு திரும்பவே இல்லை. 1811இன் தொடக்கத்தில் வியான்னி ஊர் வந்து சேர்ந்தார். சில வாரங்களில் தாயார் மரித்தார். தாம் பீடத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒருவன் தம் இடத்தில் போய்த் திரும்பாத நாள் என்பது அந்த மனிதர் அறிந்த செய்தி. தம்மை ஒன்றுமில்லாதவர் என்று அவர் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்ததைப் புனிதர்களுக்கே உரிய மிகைப்பேச்சு என்று சிலர் எண்ணுகிறார்கள். இந்தத் தம்பியை நினைத்துக்கொண்டால் அப்படி எண்ண மாட்டோம் என்பது என் எண்ணம்.

பிறகு வெரியேர் சிறிய குருமடம். அங்கே உடன் படித்தவர்களில் ஒருவர், பின்னாளில் மரிஸ்ட் சகோதரர் சபையைத் தொடங்கிய மர்செலின் ஷம்பன்யா. 1813இல் லியோன் பெரிய குருமடம். பாடங்கள் லத்தீனில். கேள்வியே விளங்காதவர் விடை எப்படிச் சொல்வார்? சில மாதங்களில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். துறவறச் சகோதரராகவாவது சேர்ந்துவிடலாம் என்று நினைத்தார். பாலே அடிகளார் விடவில்லை. மறுபடி தாமே பாடம் சொல்லிக்கொடுத்தார். மறுபடி தேர்வு; தேர்வாளர்களைக் கண்டதும் நாக்கு எழவில்லை. பாலே அடிகளார் அதிகாரிகளிடம் மன்றாடி, எக்குல்லியிலேயே பிரெஞ்சு மொழியில் கேள்வி கேட்க ஏற்பாடு செய்தார். அப்போது நன்றாகவே பதில் சொன்னார். முடிவு குருகுல முதல்வர் கூர்போன் அடிகளாரிடம் வந்தது. இந்த ஆள் பக்தியுள்ளவரா, தேவமாதாமேல் பற்றுள்ளவரா, ஜெபமாலை சொல்வாரா என்று மட்டும் அவர் விசாரித்தார். ஆம் என்றார்கள். அப்படியானால் அழைக்கிறேன், மீதியைத் தேவ அருள் பார்த்துக்கொள்ளும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இந்த அருள் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிக்கொள்ளலாம். நம் முன்னோர் இதை இஷ்டப்பிரசாதம் என்றார்கள். பழைய மங்கள வார்த்தை செபத்தில் பிரியதத்தம் என்றிருந்தது. பழமையான சொற்கள் என்று விட்டுவிட்டோம். ஆனால் என்ன பொருத்தமான சொற்கள்! ஆண்டவர் தம் இஷ்டத்தால் தருவது, பிரியத்தால் தத்தம் செய்வது. உழைத்தவன் கேட்டு வாங்கும் கூலியல்ல அது. கூர்போன் அடிகளார் மனதில் வைத்துச் சொன்னதும் அதைத்தான். தேர்வில் தோற்றவரிடம் மீதியாக எதுவும் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

1815 ஆகஸ்டு 13ஆம் நாள் கிரெனோபிள் நகரில் வியான்னிக்குக் குருப்பட்டம். நெப்போலியன் வீழ்ந்த சமயம். நாடெங்கும் அந்நியப் படைகள். சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்தை ஆகஸ்டு வெயிலில் தனியே நடந்து போனார். உறவினர் யாரும் இல்லை. கூடவே பட்டம் பெறவும் வேறொருவர் இல்லை. ஒரே ஒருவருக்காக இவ்வளவு சிரமமா என்று உடனிருந்தவர்கள் ஆயரிடம் வருந்தியபோது, நல்ல குரு ஒருவரைத் திருநிலைப்படுத்துவது சிரமமே அல்ல என்றாராம் ஆயர் சிமோன். இதிலும் ஒரு குறை வைத்தார்கள். பூசை செய்யலாம், ஆனால் பாவசங்கீர்த்தனம் கேட்க இப்போதைக்கு அனுமதியில்லை. ஆன்மாக்களை நடத்தும் அளவுக்கு இவருக்கு அறிவு போதாது என்பது மேலிடத்தார் எண்ணம். சில மாதங்கள் கழித்து அனுமதி வந்தபோது, முதன்முதல் அவரிடம் வந்து முழந்தாளிட்டவர் அவருடைய ஆசானும் பங்குத்தந்தையுமான பாலே அடிகளாரே. 1817 டிசம்பரில் அவர் இறந்தார். ஆசான் முகம் பார்க்கப் பயன்படுத்திய சின்னக் கண்ணாடியை வியான்னி கடைசிவரை வைத்திருந்தார்; தபசு செய்து வந்த மனிதருக்கு அந்த ஒரு பொருளில் மட்டும் ஆசை.

1818 பிப்ரவரியில் ஆர்ஸ் கிராமத்துக்கு அனுப்பினார்கள். லியோனுக்கு வடக்கே ஏறத்தாழ முப்பத்தைந்து கிலோமீட்டரில், மண்சுவரும் கூரையுமாகச் சில பத்து வீடுகள், 230 பேர், புனித சிக்ஸ்துஸ் பெயரால் ஒரு சிறு கோவில். தனிப் பங்கு என்ற தகுதிகூட 1821இல்தான் கிடைத்தது. மூடுபனியில் வழி தவறிய புதுக் குரு, ஆடு மேய்த்த ஒரு பையனிடம் ஆர்ஸ் எங்கே என்று கேட்டு, காட்டியதற்குக் கைம்மாறாக அவனுக்கு மோட்ச வழி காட்டுவதாகச் சொன்ன கதையைப் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள்.

ஆர்ஸ் மக்கள் கொடியவர்கள் அல்லர். விசுவாசம் ஆறிப்போனவர்கள், அவ்வளவுதான். கோவிலை விடச் சாராயக் கடைக்குக் கூட்டம் அதிகம். ஞாயிறன்று வயல் வேலை, இரவில் நடனம். வியான்னி விடியுமுன் கோவிலுக்குப் போய், தம் மக்களை மனந்திருப்பித் தரும்படியும், அதற்காக எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் தம்மை வதைத்துக்கொள்ளும்படியும் ஆண்டவரிடம் மன்றாடினார். சட்டியில் வாரத்துக்கொரு முறை அவித்து வைத்த உருளைக்கிழங்கே உணவு. பூசணம் பிடித்திருந்தாலும் தின்றார். பிற்காலத்தில் இவற்றை அவரே தம் வாலிபப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். ஆகவே யாரும் வீட்டில் உருளைக்கிழங்கைப் பூசணம் பிடிக்கவிட வேண்டாம். தொடக்கத்தில் பிரசங்கத்திலும் அவர் கடுமையானவர். எழுதி மனப்பாடம் செய்து, மேடையில் மறந்து, திண்டாடி இறங்கிய நாளும் உண்டு. பாவசங்கீர்த்தனத்திலும் கண்டிப்பு, நடனத்தை விடாதவர்களுக்குப் பாவமன்னிப்பை நெடுநாள் தள்ளிவைத்தார். அக்காலப் பிரெஞ்சுக் குருமடங்களின் கல்வி அது. ஆண்டுகள் போகப்போக, புனித அல்போன்ஸ் லிகோரியாரின் போதனை பிரான்சில் பரவியபோது, அவரும் கனிந்தார். பெரும் பாவிகளுக்குச் சிறிய அபராதம் கொடுத்துவிட்டு, மீதியைத் தாமே இரவில் செய்து தீர்த்தார். கண்டிப்பான வியான்னியை விட இந்தக் கனிந்த வியான்னியே நமக்குப் பாடமானவர் என்று நான் கருதுகிறேன்.

பசாசு அவரைத் தூங்கவிடாமல் செய்த தொல்லைகளைப் பற்றிப் பலர் விரிவாக எழுதியிருக்கிறார்கள். கேட்கச் சுவையான கதைகள். இங்கே அவை வேண்டாம். மனிதர் கொடுத்த தொல்லையே போதும். ஒரு பெண் மணமாகாமல் பிள்ளை பெற்றபோது, கூசாமல் அவர்மேல் பழி சுமத்தினார்கள். பெயரில்லாத கடிதங்கள் எழுதினார்கள். அவர் வீட்டுக் கதவில் அசுத்தத்தைப் பூசினார்கள். அதைவிட வருத்தம் தந்தது சக குருக்களின் வார்த்தை. தங்கள் பங்கு மக்கள் ஆர்ஸுக்கு ஓடுவதைப் பொறுக்காமல் சிலர் மேடையிலேயே அவரைப் பழித்தார்கள். போர்ஜோன் என்ற இளம் குரு, இவ்வளவு குறைவான இறையியல் தெரிந்தவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்காரவே கூடாது என்று நேராக அவருக்கே எழுதிவிட்டார். வியான்னி நன்றி சொல்லிப் பதில் எழுதினார்: தம்மைச் சரியாக அறிந்தவர் அவர் ஒருவரே, தகுதியற்ற இந்தப் பதவியிலிருந்து விடுபட்டு எங்காவது ஒரு மூலையில் அழுது தீர்க்கத் தமக்கு உதவ வேண்டும் என்ற கருத்தில். போர்ஜோன் அடிகளார் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். இன்னொரு முறை, அவரை நீக்கும்படி ஆயருக்குக் குருக்கள் கையொப்பமிட்டுச் சுற்றுக்கு விட்ட மனு தவறி அவர் கைக்கே வந்தது. படித்துப் பார்த்து, அதில் தம் கையொப்பத்தையும் போட்டு அனுப்பிவிட்டார். பெல்லே ஆயர் தெவி ஆண்டகை விசாரித்துப் பார்த்து, இந்தப் பைத்தியத்தில் கொஞ்சம் தம் எல்லாக் குருக்களுக்கும் பிடித்தால் தேவலை என்ற முடிவுக்கு வந்தார்.

கையொப்பமிட்டது நடிப்பல்ல. இதற்கு ஒரு காரணம் உண்டு. ஒருசமயம் அவர் தம் உள்ளத்தின் வறுமையை உள்ளபடி காட்டும்படி ஆண்டவரிடம் கேட்டார். கேட்டது கிடைத்தது. கண்டது தாங்கவில்லை. அந்தக் காட்சியை மங்கச் செய்யும்படி அவரே மறுபடி மன்றாட வேண்டியதாயிற்று. இல்லாவிட்டால் அவநம்பிக்கையில் விழுந்திருப்பேன் என்று நெருங்கியவர்களிடம் சொன்னார். அப்போது அவர் கண்டுபிடித்த ஒரே மருந்து, நாய்க்குட்டி எஜமான் காலடியில் கிடப்பதுபோல் நற்கருணைப் பேழையின் முன் போய் விழுந்து கிடப்பது. இதே வரத்தை வேண்டி அவரிடம் வந்த ஒருவருக்கு, அவ்வளவு முழுமையாகக் கேட்க வேண்டாம் என்று புத்தி சொன்னார். தாழ்ச்சி வேண்டுமென்று நாமும் எளிதாகச் செபித்துவிடுகிறோம். என்ன கேட்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த மனிதரைத் தேடித்தான் 1827 அளவிலிருந்து கூட்டம் வரத் தொடங்கியது. முதலில் பக்கத்து ஊர்கள், பிறகு பிரான்சு முழுவதும், கடைசியில் வெளிநாடுகளும். பாவசங்கீர்த்தனம் கேட்கத் தகுதி போதாதென்று சொல்லப்பட்டவர் இரவு ஒரு மணிக்கே கோவிலுக்கு வந்து, நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்கூட அந்தத் தொட்டியில் அமர்ந்திருந்தார். கோடையில் வேக்காடு, குளிர்காலத்தில் கால் விறைத்து உணர்வற்றுப் போகும். முறை வரச் சிலர் நாட்கணக்கில் காத்திருந்தார்கள். லியோன் ரயில் நிலையத்தில் ஆர்ஸ் யாத்திரிகருக்கென்று தனிச் சன்னல் வைத்து, எட்டு நாள் செல்லும் சீட்டுக் கொடுத்தார்கள். அதற்குள் திரும்பிவிடுவது நிச்சயமில்லை என்று ரயில்வேக்காரர்களுக்கே தெரிந்திருந்தது.

இவ்வளவு அருள் அவர் வழியாக ஓடியது. ஆனால் அவருடைய தாழ்ச்சியே அவருக்கு ஒரு சோதனையுமாயிற்று. தகுதியில்லாதவன் இங்கே எதற்கு, எங்காவது தனிமையில் என் பாவ வாழ்வுக்காக அழுகிறேனே என்ற எண்ணம் அவரை விடவேயில்லை. பலமுறை ஆயரிடம் விடுதலை கேட்டார், கிடைக்கவில்லை. 1843 மே மாதம் சாவின் விளிம்புவரை போய் மீண்டவர், அந்தச் செப்டம்பரில் ஓர் இரவு யாருமறியாமல் டார்டில்லியில் அண்ணன் வீட்டுக்கு நடந்துவிட்டார். யாத்திரிகர்கள் அங்கேயும் வந்து வரிசையில் நின்றார்கள்! ஒரு வாரத்தில் மனம் மாறி ஆர்ஸுக்கே திரும்பினார். ஊரே திரண்டு வரவேற்றது.

1853 செப்டம்பரில் மறுபடி. நள்ளிரவில் பிரார்த்தனைப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார். எழுபதை நெருங்கும் கிழவர். அத்தனாசியு சகோதரரும் உதவிக் குரு தொக்கனியே அடிகளாரும் மோப்பம் பிடித்து விளக்கோடு பின்தொடர்ந்தார்கள். ஃபோன்பிளான் ஓடையருகே வழிமறித்து வாதாடினார்கள். தொக்கனியே அடிகளார் பிரார்த்தனைப் புத்தகத்தைப் பறித்துக்கொண்டார். அதற்குள் கோவில் மணி அவசரமாக அடித்தது. திருடனோ தீயோ என்று ஆண்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். யாத்திரிகர்கள் சூழ்ந்துகொண்டு, எங்கள் பாவசங்கீர்த்தனத்தை முடித்துவிட்டாவது போங்கள் என்று கண்ணீரோடு தடுத்தார்கள். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கோவிலுக்குள் போய்த் தொட்டியில் உட்கார்ந்துவிட்டார். பின்பு இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று அவரே சொல்லிக்கொண்டார். நான் தகுதியற்றவன் என்று சொல்லி ஓடுவதும், நான் தகுதியற்றவன் என்று சொல்லி வைத்த இடத்தில் இருப்பதும் வெளிப்பார்வைக்கு ஒரே தாழ்ச்சிபோல் தெரியும். முதலாவதில் தன் விருப்பம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு புனிதருக்கே அதைக் கழுவ இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

சொந்தக் கையால் கட்டியதை இழக்கவும் அவர் கற்றுக்கொண்டார். 1824இல் ஏழைப் பெண்பிள்ளைகளுக்காகக் கத்தரின் லசாஞ், பெனுவாத் லார்தே என்ற இரு கிராமத்துப் பெண்களை வைத்துப் பராமரிப்பு இல்லம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். கட்டணம் இல்லை, அநாதைகளுக்கு அது தாய்வீடு. சில ஆண்டுகள் கழித்துத் தானியக் களஞ்சியம் காலியாய்ப் போன வேளையில் செபத்தால் நிறைந்ததென்று ஊர் முழுதும் சாட்சி சொன்னது. 1847இல் இல்லத்தைப் புனித ஜோசப் சபைக் கன்னியரிடம் ஒப்படைக்கும்படி ஆயின. ஆயர் சித்தம் அதில் தெரிகிறது, தேவ சித்தம் தமக்குத் தெரியவில்லை என்றார். ஆனாலும் கொடுத்துவிட்டார்.

1845இல் வந்த உதவிக் குரு ரேமோன் அடிகளார் எட்டாண்டு காலம் அவருக்குத் தந்த துன்பம் வேறு வகை. வல்லவர்தான், ஆனால் பங்கின் உண்மையான அதிகாரி தாமே என்று நடந்துகொண்டார். முதியவரைப் பிறர் எதிரே கண்டித்தார், மேடையிலிருந்தே எதிர்த்துப் பேசினார். மக்கள் கொதித்தார்கள். வியான்னியோ, தம் குறைகளை எடுத்துச் சொல்ல ஒருவராவது இருக்கிறாரே என்று சொல்லி, அவரை மாற்ற வேண்டாமென ஆயருக்கே எழுதினார். பதவி உயர்ந்தால் இப்படிப்பட்ட ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள நம்மில் எத்தனை பேர் சம்மதிப்போம்?

பட்டங்களும் தேடி வந்தன. 1852இல் புதிய ஆயர் ஷலாந்தோன் ஆண்டகை முன்னறிவிப்பின்றி வந்து கௌரவக் கேனன் பட்டத்துக்குரிய தோளாடையைக் கோவில் வாசலிலேயே அவர்மேல் போட்டுவிட்டார். தூக்குமேடைக்குப் போகிறவர்போல் நடந்து பீடம் சேர்ந்தவர், சீக்கிரமே அதை ஐம்பது பிராங்குக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். 1855இல் மூன்றாம் நெப்போலியன் அனுப்பிய மரியாதைப் பதக்கம் அவர் சவப்பெட்டியின்மேல்தான் முதலில் வைக்கப்பட்டது. ஊர்க் கடைகளில் தம் படம் விற்பதைப் பார்த்து, தம்மை வைத்து வேஷக்கூத்து நடத்துகிறார்கள் என்று கேலி செய்வார். சிலை வடிக்க வந்த எமிலியான் கபுஷே என்ற சிற்பிக்கு அவர் உட்கார்ந்து கொடுக்கவேயில்லை. பாவம், அவர் மறைக்கல்வி வகுப்பில் பின்னால் உட்கார்ந்து, தொப்பிக்குள் மெழுகை மறைத்து வைத்துக்கொண்டு உருவத்தைப் பிடித்தார்.

அந்தப் பெயர் அவர் மறைவுக்குப் பின்னும் குறையவில்லை. 1904இல் உடலை எடுத்தபோது அழியாமல் இருக்கக் கண்டார்கள். 1905இல் பத்தாம் பத்திநாதர் முத்திப்பேறுபட்டம் அளித்தார். 1925 மே 31இல் பதினோராம் பத்திநாதர் புனிதர் பட்டம் அளித்து, 1929இல் உலகெங்குமுள்ள பங்குக் குருக்களின் பாதுகாவலராக்கினார். அவரது 150ஆம் நினைவாண்டை ஒட்டி 2009இல் பதினாறாம் பெனடிக்ட் குருக்கள் ஆண்டையே அறிவித்தார். ஆர்ஸ் ஊருக்கு இன்றும் யாத்திரிகர் வருகிறார்கள்.

கடைசி நாட்களுக்கு வருவோம். 1859 ஜூலையில் வெயில் கொடுமை. மாத இறுதிவரை வழக்கம்போல் தொட்டியில் உட்கார்ந்திருந்தவர், ஜூலை 29ஆம் நாள் இரவு வீடு வந்து சாய்ந்தார். மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. படுக்கையருகேயும் சிலர் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்து போனார்கள். தம் பொருட்கள் பலவற்றை உயிரோடிருக்கும்போதே விற்று ஏழைகளுக்கும் ஞானத் தியானங்களுக்கும் செலவழித்திருந்தார். ஆகவே அவர் கிடந்த அறையில் அவருடையதென்று அதிகம் எதுவுமில்லை. குருக்கள் கையில் எரியும் திரியோடு வர, அவஸ்தை நற்கருணையை அழுதுகொண்டே வாங்கினார். ஆகஸ்டு 3 மாலை ஆயர் லாங்கலெரி ஆண்டகை செபித்துக்கொண்டே ஓடோடி வந்து அவரை முத்தமிட்டார். அன்றிரவு இடியும் மழையுமாயிருந்தது. ஆகஸ்டு 4 விடியுமுன், இரண்டு மணிக்கு, எழுபத்து மூன்று வயதில் ஆவி பிரிந்தது. மற்ற நாட்களில் அந்நேரத்துக்கு அவர் தொட்டியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அன்றும் ஊரில் யாத்திரிகர்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள்.